உப்பங்கழி ஓரமாக வடக்கே: ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை

சென்னையில் ஞாயிறு விடியலில் கியர் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தெற்கேதான் திரும்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரம் அகலம். முட்டுக்காட்டில் தண்ணீர், கோவளத்தில் இட்லி, மாமல்லபுரம் தொட்டால் திரும்பி வந்துவிடலாம். வடக்கே வருகிறவர்கள் குறைவு. ஏன் என்று கேட்டால் லாரி என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் சென்னையைச் சுற்றி, நீரும் சாலையும் விட்டுவிட்டுச் சந்தித்துக்கொண்டே போகிற நீண்ட பாதை வடக்கில்தான் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளியை ஒட்டிய கழி, கடைசியில் பழவேற்காடு ஏரி. மேற்கே கொஞ்சம் தள்ளினால் புழல், சோழவரம்.

இந்த அத்தியாயம் அந்த நீரை ஒட்டிய மூன்று பாதைகளைச் சொல்கிறது. மூன்றிலும் வரைபடத்தைவிடக் கடிகாரத்துக்குத்தான் அதிக வேலை. எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே சாலை இனிக்கும், அதே சாலை உயிரை வாங்கும்.

காற்றுதான் இங்கே மலை

அயர்லாந்தின் வடக்கில் ஃபெர்மானா, காவன் மாவட்டங்கள் ஏரிகளுக்குப் பேர்போனவை. பனியாறுகள் விட்டுப்போன சின்னச் சின்ன மண்மேடுகள், நடுவே ஏரிகள். சாலை மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே வழிகாட்டி எழுதுகிறவர் ஒவ்வொரு பாதைக்கும் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்றுதான் முதலில் குறிப்பார். நாம் அந்தக் கட்டத்தில் மேம்பாலங்களை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை நிலம் கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே கிடக்கிறது. கியரை மாற்றவைப்பது முழுக்க முழுக்கக் காற்று.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடக்கே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. கால் புதிதாக இருக்கும்போது கஷ்டம், களைத்தபின் சுகம். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மார்ச்சுக்குப் பிறகு கதை தலைகீழ். தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்று உங்களை வடக்கே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். ‘என்ன வேகம்!’ என்று உங்களை நீங்களே மெச்சிக்கொள்வீர்கள். ஒன்பது மணிக்கு மேல், வெயில் தலையில் ஏறியபின், அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடிகாலையில் மேற்குக் காற்று லேசாக இருக்கும். பகலில் கடற்காற்று எழுந்ததும் அது தென்கிழக்குக்கு மாறிவிடும். ஆகவே கோடையில் வடக்கே மிதித்துப் போய், திரும்புவதற்கு ரயிலைப் பிடிப்பதே புத்தி. சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடம் நம் பாதைகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது: திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. சைக்கிளைக் கூட்டமில்லாத வண்டியில், வெண்டர் பெட்டியில் ஏற்றலாம். லக்கேஜ் சீட்டைப் பற்றி ஸ்டேஷனில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சூரிய உதயத்தையும் கணக்கில் வையுங்கள். ஜூன் தொடக்கத்தில் 5.45க்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகும். எண்ணூர்ச் சாலையில் இருட்டில் விளக்கில்லாமல் போகவே கூடாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாதவர் இந்த அத்தியாயத்தை இத்தோடு மூடிவைத்துவிட்டு முதலில் கடைக்குப் போய்வரலாம்.

பாதை ஒன்று: ராயபுரம் – நெட்டுக்குப்பம்

போகவர ஏறக்குறைய 32 கிலோமீட்டர். ஆரம்பம் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் தானாவிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும் அந்தப் பழைய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டில் இன்னும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். தூண் வரிசையை நின்று பாருங்கள். டயரில் காற்றையும் அங்கேயே தொட்டுப் பார்த்துவிடுங்கள், அடுத்துவரும் சாலை சோதிக்கும்.

சூரியநாராயண செட்டித் தெரு வழியாகக் காசிமேடு. மீன்பிடித் துறைமுக வாசலில் விடியுமுன்னே ஏலம் சூடுபிடித்திருக்கும். ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் செதிலும் சேர்ந்து சாலையை வழுக்கவைக்கும். மெல்லிய டயர்க்காரர்கள் இந்த இடத்தில் பிரேக்கை நம்பாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. மீன் ஏற்றும் மினி வேனும் ஷேர் ஆட்டோவும் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவருக்கே கடைசி நொடியில்தான் தெரியும். இங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது அவமானமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், சாலை காலியாக இருக்கும். காசிமேட்டைத் தாண்டுவதற்கு ஆண்டிலேயே சுலபமான காலம் அது. ஊர்க்காரர்களுக்கு அது கையில் காசில்லாத காலம் என்பதும் நினைவிருக்கட்டும். வலை பின்னிக்கொண்டிருப்பவர் முகத்தெதிரே கேமராவை நீட்டாதீர்கள்.

காசிமேடு தாண்டியதும் எண்ணூர் விரைவுச் சாலை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் குடியிருப்பு, நடுவில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசை. லாரி ஓட்டுநர்களோடு எனக்குச் சண்டையில்லை. காத்துக் காத்துக் களைத்துப்போன, பெரும்பாலும் வெளியூர் மனிதர்கள் அவர்கள். ஆனால் டிரெய்லரின் உடலமைப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாற்பதடிப் பெட்டியை இழுக்கும் வண்டி இடப்புறம் திரும்பும்போது முன்பகுதி அகலமாக வளைந்து போகும். பின்சக்கரங்கள் குறுக்குவழியில் ஓரத்தை நக்கிக்கொண்டு வரும். அந்த ஓரத்தில்தான் சைக்கிள் இருக்கும். ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருப்பது எதுவும் கண்ணில் படாது. ஆகவே ஓடுகிற டிரெய்லரை இடப்பக்கமாக முந்தவே முந்தாதீர்கள். சிக்னலில் அதன் பக்கவாட்டில் போய் நிற்காதீர்கள். பின்னால் நில்லுங்கள், அல்லது கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும்படி வெகுவாக முன்னால் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் உங்கள் முகம் அவருக்குத் தெரியும். நின்றிருக்கும் லாரி வரிசையை ஒட்டிப் போகும்போது ஒரு கதவின் அகலத்துக்காவது தள்ளிப் போங்கள். கிளீனர் சட்டென்று கதவைத் திறந்து குதிப்பார்.

பஞ்சருக்கும் லாரிதான் காரணம். வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடிபோன்ற எஃகுக் கம்பிகள் சாலை ஓரத்து மண்ணில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, டயரில் ஏறி, அரைமணி நேரம் கழித்துத்தான் ட்யூபைத் தொடும். ட்யூபை மாற்றும்போது டயரின் உட்பக்கம் முழுதும் விரலால் தடவிப் பார்த்து அந்தக் கம்பியைப் பிடுங்காமல் புது ட்யூபைப் போட்டால் அதுவும் போகும். இரண்டு ட்யூப், பம்பு, சின்னக் குறடு ஒன்று. 25 மில்லிமீட்டர் டயர் இந்தச் சாலைக்கு ஆடம்பரம். 28 அல்லது 32 போடுங்கள், காற்றையும் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள்.

இந்த எரிச்சலுக்கெல்லாம் ஈடு கடல். கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததால் கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டுகிடக்கின்றன. விடியலில் அவற்றின் நுனியில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். திருவொற்றியூர்க் குப்பம் பக்கம், சூரை பிடிக்கும் படகுகளுக்கென்று கட்டிய மீன்பிடித் துறைமுகம். அதை அடுத்து, சாலையிலிருந்து சில நிமிடத்தில், கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி. செல்வத்தை உதறிவிட்டு வந்தவரின் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார, கார்பன் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது தனி வேடிக்கை.

திருவொற்றியூர்த் தேரடிக்குப் போக மனமிருந்தால் சாலையை விட்டு மேற்கே திரும்புங்கள். தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன், சுந்தரருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் கல்யாணம் நடந்த இடமென்று பெரியபுராணம் சொல்லும் தலம், மகிழமரம். புற்று வடிவான ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுதும் சாத்தியிருக்கும் கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் எடுப்பார்கள். அந்த மூன்று நாளும் தேரடிப் பக்கம் சைக்கிளுக்கு இடமில்லை.

திருவொற்றியூருக்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலடிப்பேட்டை, தீப்பெட்டி செய்த விம்கோ, 1955இலிருந்து புல்லட் செய்துவந்த என்பீல்டு தொழிற்சாலை. நம் டயரின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. காற்றடைத்த டயரை முதன்முதலில் உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர் பெல்பாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப். 1888இல் காப்புரிமை எடுத்தார், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்ததுதான் அது. அயர்லாந்திலிருந்து நமக்கு வந்துசேர்ந்த மிகப் பெரிய வசதி என்று இதைச் சொல்வேன். திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் நிறுவனம் பிறகு எம்.ஆர்.எப். டயராக வளர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் இதே நகரத்தின் அம்பத்தூரில் தொடங்கியது. நீங்கள் மிதிக்கும் சக்கரத்துக்கு இந்தப் பக்கத்தில் சொந்தபந்தம் நிறைய.

எர்ணாவூர் தாண்டினால் வாடை மாறும். இங்கே மூக்கையும் கருவியாக எடுத்துக்கொள்ளவேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கண்ணெரியும் நெடி திடீரென்று வந்தால் நின்று யோசிக்காதீர்கள். கொடி, புகை, மரக்கிளை எதையாவது பார்த்துக் காற்றின் திசையைக் கண்டுகொண்டு, அதற்குக் குறுக்காக விலகிப் போங்கள். ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள். சாதாரண நாளில் தூசிதான் தொல்லை. நிலக்கரித் தூளும் சாம்பலும் கலந்த தூசி. கண்ணாடி போடாமல் இங்கே ஓட்டுவது வீண் வீரம்.

எண்ணூரில் பஸ் நிலையத்தைத் தாண்டி, தாழங்குப்பம் வழியாக நெட்டுக்குப்பம் போய்ச் சேருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அங்கே விரிகிறது. இக்கரையில் படகுகளும் வலைகளும்; அக்கரையில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் குளிர்விப்புக் கோபுரங்களும்; அதற்கு அப்பால் 2001இல் திறந்த காமராஜர் துறைமுகம். 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் இக்கரையிலேயே. காலை ஏழு மணி வெளிச்சத்தில் இந்தக் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் கூட்டமாக வருவதும் அதற்குத்தான். அழகு என்று சொல்வதில் ஒரு கூச்சம் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இந்தக் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இதே கழிக்குள் இறங்கி, படகையும் வலையையும் கறுப்பாக்கியது. தண்ணீரில் இடுப்பளவு நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்களை இங்கே பார்க்கலாம். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்தில் படகுச் சவாரிக்கும் ஓய்வுக்கும் வந்த இடம் இது.

குப்பத்துக்குள் சைக்கிளை மெல்ல ஓட்டுங்கள். பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். ‘இன்னாண்ணா, ரேஸா?’ என்று கேட்பார்கள். ஒருமுறை மணியடிக்கக் கொடுத்தால் போதும், வழி முழுக்கச் சொல்லித் தருவார்கள். டீக்கடை உண்டு, பொறை, மசால்வடை கிடைக்கும், பெரிய காலைச் சாப்பாடு வேண்டுமானால் திருவொற்றியூருக்குத் திரும்பிவந்துதான். துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் வாசல்களைப் படமெடுக்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். காவலர்கள் சைக்கிளையும் சேர்த்து நிறுத்திவைப்பார்கள். எட்டு மணிக்குள் திரும்பும் வழியில் இருங்கள்.

பாதை இரண்டு: மீஞ்சூர் அல்லது பொன்னேரி – பழவேற்காடு

ராயபுரத்திலிருந்தே மிதித்துப் போனால் ஒருபக்கம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திருவொற்றியூர், மணலி, மணலி புதுநகர், வல்லூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போகும் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலைதான் வழி, ஊரில் டி.பி.பி. சாலை என்பார்கள். இதில் மணலிக்கும் மீஞ்சூருக்கும் இடைப்பட்ட பகுதியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். டேங்கர், டிரெய்லர், சாம்பல் லாரி மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஓரம் என்பது பெயருக்குத்தான். நெடுந்தூரக்காரர்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியில் முடிக்கும் பிரிவே ஓட்டுகிறவர்கள், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். மற்றவர்கள் முதல் மின்ரயில்களில் ஒன்றைப் பிடித்து மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்குங்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கிற நண்பர் இருந்தால் அவரை டி.பி.பி. சாலையில் விட்டுவிட்டு நீங்கள் ரயிலில் வாருங்கள். பொன்னேரியில் இட்லி சாப்பிட்டு முடிக்கும்போது வந்துசேருவார்.

பொன்னேரியில் ஆரணி ஆறு. அகத்தீசுவரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் இந்த ஆற்றை ஒட்டியவை. சித்திரையில் அரியும் அரனும் சந்திக்கும் விழா நடக்கும். ஆறு இங்கிருந்து பழவேற்காடு ஏரிக்குப் போகிறது, சாலையும் திருப்பாலைவனம் வழியாக அங்கேதான் போகிறது. ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நெல்வயல், ஏரிக்கரை, பனை, புளியமர நிழல் என்று மாறிமாறி வரும். இருவழிச் சாலைதான், ஓரம் குறைவு, ஆனால் காலையில் வண்டியும் குறைவு. அறுவடைக் காலத்தில் வைக்கோலைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் செயினிலும் பின்சக்கரத்துப் பல்லிலும் சுற்றிக்கொள்ளும், எடுக்க வராது, இறங்கி நடந்துவிடுங்கள்.

மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகவும் போகலாம். காட்டூர் ஏரியும் தத்தமஞ்சி ஏரியும் அந்தப் பக்கம். மழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் அந்த ஏரிகள் நிறைந்திருக்கும்போது இந்தச் சாலையைப் பொன்னேரிச் சாலையைவிட ஒரு படி மேலே வைப்பேன். போகும்போது காட்டூர், வரும்போது பொன்னேரி என்று வட்டமாக அமைத்துக்கொள்வது சிறப்பு. மீஞ்சூரில் முடியும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இருக்கிறது, 62 கிலோமீட்டர், அகலமானது, சீரானது. வேகம் பழக நல்லது. பார்க்க ஒன்றுமில்லை.

பழவேற்காடு இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் சென்னைக் கார்கள் எல்லாம் பழவேற்காட்டுச் சாலையில் வந்து அடைந்துகொள்ளும், அன்றைக்குச் சைக்கிளில் போகாதீர்கள். பூநாரை பார்க்க வருகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரலாம். தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றிய இடங்களில்தான் அவை மேயும். ஆகவே மழை அதிகமான ஆண்டில் தாமதமாக வரும். கூழைக்கடாவும் நாரைகளும் அதற்கு முன்பே இருக்கும். ஏரிக்குள் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. வெறும் தண்ணீராகத் தெரியும் இடமெல்லாம் யாரோ ஒருவரின் முறை.

ஊருக்குள் டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு உருவங்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் கப்பலும் கேடயமும் எழுத்துமாகச் செதுக்கியிருக்கும் நேர்த்தியை நிதானமாகப் பாருங்கள். பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். பனையோலையில் பெட்டி முடையும் பெண்களும் ஊரில் இருக்கிறார்கள்; சைக்கிள் பையில் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒன்று வாங்கலாம், பேரம் வேண்டாம்.

பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கக் குப்பம், கடற்கரை. மணல் சாலை, உப்புக்காற்று. கடற்கரை வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் வீடு திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். இரண்டு நாள் விட்டால் துரு ஏறிவிடும். படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரத்தருகே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசப் படகுகளுக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். சாப்பாட்டுக்கு மீன் வறுவல், இறால், நண்டு. விலையை முதலில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பத்தரைக்குமேல் பொன்னேரிக்குத் திரும்பும் சாலையில் நிழல் கொஞ்சம்தான். இரண்டு குப்பி தண்ணீர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பாதை மூன்று: புழல் – சோழவரம் – தாமரைப்பாக்கம்

இது எளிமையான பாதை, அதிகம் சொல்லத் தேவையில்லை. செங்குன்றம் வரை பெருவழிச்சாலை. அரிசி ஆலைகளைத் தாண்டி மேற்கே திரும்பினால் தாமரைப்பாக்கம் சாலை. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும். சோழவரம் அதில் மூன்றிலொரு பங்குதான். செங்குன்றத்தைச் சுற்றிய செம்மண் நிலத்தில் மட்டும், கவனித்துப் பார்த்தால், ஒரு சிறு மேடு தெரியும். கால் சொல்லும், கண் சொல்லாது. ஏரிக்கரைமேல் அனுமதியில்லாமல் சைக்கிளை ஏற்றாதீர்கள். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளம் போருக்குப் பிறகு கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாகி, நாடெங்கும் பேர் வாங்கியது. பந்தயங்கள் பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன.

தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையின் குறுக்கே பழைய அணைக்கட்டு. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வழிந்தோடும்போது பார்க்கவேண்டிய இடம். எண்ணூரில் கண்டது இதே ஆறுதான், இங்கே அது இன்னும் சுத்தமாக இருக்கிறது. ஆசைப்பட்டால் பெரியபாளையம் வரை நீட்டலாம். ஆடி மாதத்து ஞாயிறுகளிலும் அதைத் தொடரும் வாரங்களிலும் பவானியம்மன் கோயிலுக்கு வண்டிவண்டியாகக் கூட்டம் வரும். அந்த நாட்களில் சோழவரத்தோடு திரும்பிவிடுங்கள்.

புறப்படுமுன் இன்னும் சில

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் ரயில் தடங்கள் சில இடங்களில் சாலையைச் சாய்வாக வெட்டுகின்றன. மெல்லிய சக்கரம் அந்த இடுக்கில் சிக்கினால் விழுவது நிச்சயம். தடத்துக்குச் செங்குத்தாகச் சைக்கிளைத் திருப்பிக் கடந்துவிட்டுப் பிறகு நேராக்குங்கள். மழை நாளில் இறங்கி உருட்டுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நம்மைவிட அதிகமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களும், கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரர்களும்தான். இருட்டில், விளக்கில்லாத வண்டியில், எதிர்த்திசையிலும் வருவார்கள். அவர்களைத் திட்டாமல் வழிவிடுங்கள். தினமும் உயிரைப் பணயம்வைத்து இந்தச் சாலையில் போகிறவர்கள் அவர்கள், நாம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். கன்டெய்னருக்கென்று இவ்வளவு செலவில் சாலை அகலப்படுத்திய பக்கத்தில் சைக்கிளுக்கு ஒரு தனித்தடம் போடுவது மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் முடியாத காரியமல்ல. கேட்கிறவர்கள்தான் இல்லை, இந்தப் பாதையில் ஒருமுறை போய்வந்தவர் ஒரு மனு எழுதலாம்.

நடுவழியில் வண்டி கோளாறானால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி மூன்றிலும் சைக்கிள் கடை உண்டு. ஆனால் கியர், டிஸ்க் பிரேக் வேலை எல்லாக் கடையிலும் நடக்காது. பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் ஒன்று கையில் வைத்திருங்கள், பஞ்சர் கடைக் கம்பிரசர் அது இல்லாமல் காற்றேற்றாது. தெற்கே திரும்பும் வழியில் விம்கோ நகரை எட்டிவிட்டால், அதுவரை வரும் மெட்ரோவும் கைகொடுக்கும், மடிக்கிற சைக்கிளாக இருந்தால். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டித் தடத்தில் மின்ரயில்கள் வாரநாளைவிடக் குறைவாகவே ஓடும். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பொன்னேரியில் இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.